புதிய அரசு மருத்துவமனை: சாலை இணைப்பும் திறப்பு நாளும் முடிவாவது எப்படி? தர்பங்கா எய்ம்ஸ் காட்டும் வழி

புதுதில்லி: ஒரு பகுதிக்குப் புதிய அரசு மருத்துவமனை அறிவிக்கப்படும்போது, எத்தனை படுக்கைகள், எத்தனை கோடி ரூபாய், எந்த ஆண்டில் திறப்பு என்பனவே தலைப்புச் செய்திகளாகின்றன. நோயாளியை ஏற்றி வரும் வாகனம் எந்தச் சாலை வழியாக அந்த வளாகத்துக்குள் நுழையும் என்ற கேள்வி பெரும்பாலும் அடிக்கல் நாட்டப்பட்ட பிறகே எழுகிறது. மருத்துவமனை எப்போது பயனுக்கு வரும் என்பதைத் தீர்மானிப்பதில் கட்டடத்துக்கு உள்ள அதே பங்கு, அந்தக் கேள்விக்கான விடைக்கும் உண்டு.

பிகார் மாநிலம் தர்பங்காவில் அமையும் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் (எய்ம்ஸ்) இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2020 செப்டம்பர் 15 அன்று மத்திய அமைச்சரவை அத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோது, 48 மாதங்களில் பணியை நிறைவேற்றுவது இலக்காக அறிவிக்கப்பட்டது. அந்தக் கெடு 2024 செப்டம்பரில் முடிவடைந்தது. அடிக்கல் நாட்டப்பட்டதோ அதன் பிறகு, 2024 நவம்பர் 13 அன்று. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளின் பெரும்பகுதி, மருத்துவமனை எந்த இடத்தில் அமைய வேண்டும் என்ற விவாதத்தில் கழிந்தது. நகருக்குள் உள்ள நெரிசலும் நகருக்கு வெளியே உள்ள தாழ்நிலமும் அந்த விவாதத்தின் இரு முனைகளாக இருந்தன.

புதிய அரசு மருத்துவமனைக்கான இடம், சாலை இணைப்பு, கால அட்டவணை ஆகியவற்றை யார், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வரிசையில் முடிவு செய்கின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தர்பங்காவில் நடந்தது என்ன?

2015-16 நிதியாண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கையில், பிகாரில் எய்ம்ஸ் போன்ற மற்றுமொரு நிறுவனம் அமைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. பாட்னாவில் 2012-ஆம் ஆண்டு முதல் எய்ம்ஸ் இயங்கி வரும் நிலையில், இரண்டாவது நிறுவனத்துக்கு வடக்கு பிகாரில் உள்ள தர்பங்கா தேர்வு செய்யப்பட்டது.

இதன் தேவை மக்கள்தொகைக் கணக்கிலேயே தெரிகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தர்பங்கா மாவட்டத்தில் 39.37 லட்சம் பேரும், அண்டை மாவட்டமான மதுபனியில் 44.87 லட்சம் பேரும், சமஸ்திபூரில் 42.61 லட்சம் பேரும் வசித்தனர். மூன்று மாவட்டங்களில் மட்டும் ஒரு கோடியே 26 லட்சத்துக்கும் அதிகமானோர். உயர் சிகிச்சை தேவைப்படும்போது இவர்களில் பலர் சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாட்னாவுக்கோ, ரயிலேறி தில்லிக்கோ செல்ல வேண்டியிருக்கிறது.

2020-இல் அமைச்சரவை அளித்த ஒப்புதலின்படி, திட்ட மதிப்பீடு 1,264 கோடி ரூபாய். 750 படுக்கைகள், 100 எம்பிபிஎஸ் இடங்கள், 60 பி.எஸ்சி. செவிலியர் படிப்பு இடங்கள் ஆகியவை இதில் அடங்கும். ஏற்கெனவே இயங்கும் எய்ம்ஸ் நிறுவனங்களின் தரவுகளின் அடிப்படையில், நாளொன்றுக்கு சுமார் 2,000 புறநோயாளிகளும் மாதந்தோறும் சுமார் 1,000 உள்நோயாளிகளும் சிகிச்சை பெறுவர் எனக் கணக்கிடப்பட்டது.

முதலில் தேர்வான இடம், நகரில் பல்லாண்டுகளாக இயங்கி வரும் தர்பங்கா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகம். நிலம் அரசிடமே இருந்ததால், தனியாரிடம் நிலம் எடுக்க வேண்டிய தேவை அங்கே குறைவு. எனினும் நகரின் நடுவே செல்லும் ரயில் பாதை, அதன் கடவுப்பாதைகளில் மூடப்படும் கேட்டுகள், குறுகிய தெருக்கள் ஆகியவற்றைக் கடந்துதான் அந்த வளாகத்தை அடைய முடியும்.

2023-ஆம் ஆண்டின் முற்பகுதியில் மாநில அரசு தனது நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. மருத்துவக் கல்லூரி வளாகத்தைத் தனியே விரிவுபடுத்துவதாகவும், எய்ம்ஸுக்கு நகருக்கு வெளியே ஷோபன் – ஏக்மி புறவழிச்சாலையை ஒட்டிய சுமார் 150 ஏக்கர் நிலத்தைத் தருவதாகவும் அறிவித்தது. ஷோபன், முசாபர்பூரிலிருந்து தர்பங்கா வழியாகக் கிழக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 27-இல் உள்ளது. ஏக்மி, சமஸ்திபூர் சாலையில் உள்ளது. இவ்விரண்டையும் இணைக்கும் புறவழிச்சாலையில் மருத்துவமனை அமைந்தால், வெளிமாவட்ட நோயாளிகள் நகருக்குள் நுழையாமலேயே வந்து சேரலாம் என்பது மாநில அரசின் வாதம்.

இடத்தை ஆய்வு செய்த மத்தியக் குழுவின் கருத்து வேறாக இருந்தது. அந்நிலம் தாழ்வானது, நீர் தேங்குவது, அதை நிரப்பி உயர்த்தினால் செலவும் காலமும் கூடும் எனக் கூறி, 2023 மே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் அந்த இடத்தை ஏற்க மறுத்தது. மாநில அரசு நல்ல சாலையைச் சுட்டிக்காட்டியது. மத்திய அரசு மோசமான நிலத்தைச் சுட்டிக்காட்டியது. இரண்டு வாதங்களிலும் உண்மை இருந்தது.

2024-இல் அதே ஷோபன் இடத்துக்கு மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது. கூடுதல் நிலமும் சேர்க்கப்பட்டு, மொத்தப் பரப்பு சுமார் 187 ஏக்கராக உயர்ந்தது. நிலத்தை மேடாக்கித் தருதல், சாலை, குடிநீர், மின் இணைப்பு ஆகியவற்றை ஏற்படுத்துதல் மாநில அரசின் பொறுப்பு. அவ்வாண்டு நவம்பரில் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார்.

இடத்தை யார் முடிவு செய்கின்றனர்?

புதிய எய்ம்ஸ் நிறுவனங்கள், 2003-இல் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி சுவாஸ்த்ய சுரக்ஷா யோஜனா திட்டத்தின் கீழ் அமைக்கப்படுகின்றன. கட்டுமானச் செலவும் நடத்தும் செலவும் மத்திய அரசைச் சேர்ந்தவை. நிலத்தை அளிப்பது மாநில அரசு.

நடைமுறையில், மாநில அரசு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைப் பரிந்துரைக்கும். மத்தியக் குழு நேரில் ஆய்வு செய்து ஒன்றைத் தேர்வு செய்யும். தேர்வாகும் நிலம் ஏறக்குறைய 200 ஏக்கர் பரப்பில், வில்லங்கமின்றி, கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். அதனுடன் தகுந்த சாலை இணைப்பு, போதிய தண்ணீர், தேவையான அளவு மின்சாரம், ஒழுங்குமுறை அனுமதிகள் ஆகியவற்றையும் மாநில அரசு உறுதி செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் இதே நடைமுறையில்தான் மதுரை தோப்பூர் தேர்வானது. செங்கிப்பட்டி, பெருந்துறை, செங்கல்பட்டு, புதுக்கோட்டை, தோப்பூர் ஆகிய ஐந்து இடங்கள் பரிந்துரைக்கப்பட்டு, 2018 ஜூன் மாதத்தில் தோப்பூர் இறுதி செய்யப்பட்டது.

மாவட்ட மருத்துவமனை, மாநில அரசின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் இடத்தை மாநில அரசே முடிவு செய்கிறது. ஆனால் அவற்றுக்கான சாலை முழுவதும் மாநில அரசின் கையில் இருப்பதில்லை.

மருத்துவமனை ஒருவருடையது, சாலை வேறொருவருடையது

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இச்சிக்கலின் வேர் உள்ளது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலின் 6-ஆவது இனம். சாலைகளும் பாலங்களும் அதே பட்டியலின் 13-ஆவது இனம். தேசிய நெடுஞ்சாலைகள் மத்தியப் பட்டியலின் 23-ஆவது இனம். ரயில்வே அதன் 22-ஆவது இனம். நிலம் கையகப்படுத்துதல் பொதுப் பட்டியலின் 42-ஆவது இனம்.

இதன் பொருளை ஒரு நோயாளியின் பயணத்தில் வைத்துப் பார்க்கலாம். கிராமத்திலிருந்து புறப்படும் ஆம்புலன்ஸ் முதலில் ஊரகச் சாலையில் செல்கிறது. அடுத்து மாநிலப் பொதுப்பணித் துறையோ நெடுஞ்சாலைத் துறையோ பராமரிக்கும் மாவட்டச் சாலை. பிறகு ரயில்வேயின் கேட். அதன் பிறகு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ள தேசிய நெடுஞ்சாலை. கடைசியாக மருத்துவமனையின் அணுகுசாலை. ஒரே பயணம், ஐந்து அலுவலகங்கள். இவற்றில் ஒன்று மட்டும் தாமதமானாலும் பயண நேரம் கூடிவிடும்.

தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி நிலம் இருப்பதாலேயே அதில் வாயில் திறந்துவிட முடியாது. தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டம், 2002-இன்படி, நெடுஞ்சாலையில் இருந்து வழி அமைக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி தேவை. நான்கு வழிச் சாலையில் மையத்தடுப்பு இருப்பதால், எதிர்ப்புறமாக வரும் வாகனங்கள் அடுத்த திருப்பம் வரை சென்று திரும்ப வேண்டும். சர்வீஸ் சாலை, சுரங்கப்பாதை, மேம்பாலம் ஆகியவற்றில் எது தேவை என்பதை முன்னரே முடிவு செய்யாவிட்டால், வரைபடத்தில் நெடுஞ்சாலைக்கு அருகில் தெரியும் மருத்துவமனை, சாலையில் வருவோருக்குச் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

எத்தகைய சாலை தேவை?

இந்தியச் சாலை விதிமுறைகளின்படி ஒரு வழித்தடச் சாலையின் ஓடுதளம் 3.75 மீட்டர் அகலமுள்ளது. இடைநிலைச் சாலை 5.5 மீட்டர். இரு வழித்தடச் சாலை 7 மீட்டர். பேருந்தின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம் என்பதால், 3.75 மீட்டர் சாலையில் பேருந்தும் ஆம்புலன்ஸும் எதிரெதிரே வந்தால் ஒன்று சாலையை விட்டு மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் அந்த மண்ணே வாகனத்தைச் சிக்கவைக்கும்.

தர்பங்கா எய்ம்ஸுக்குக் கணக்கிடப்பட்ட 2,000 புறநோயாளிகளுடன் தலா ஒரு துணையாளர் வந்தால், நாளொன்றுக்கு 4,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் பதிவுச் சீட்டு வழங்கப்படும் காலை நேரத்துக்குள் வந்து சேர முயல்வர். மருத்துவர்கள், செவிலியர்கள், மாணவர்கள், மருந்து மற்றும் ஆக்சிஜன் வாகனங்கள் இதற்கு மேல். எனவே சாலையின் அகலத்தை நாள் முழுவதற்குமான சராசரியைக் கொண்டு முடிவு செய்வது போதாது. நெரிசல் மிகுந்த காலை நேரங்களுக்கு அது ஈடுகொடுக்க வேண்டும்.

தீயணைப்புக்கும் சாலை அவசியம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016-இன்படி, உயரமான கட்டடங்களைச் சுற்றிலும் தீயணைப்பு வாகனம் செல்ல 6 மீட்டர் அகலப் பாதை தேவை. அப்பாதை 45 டன் எடையைத் தாங்க வேண்டும். தானாக நடந்து வெளியேற இயலாதவர்கள் தங்கியிருக்கும் கட்டடம் என்பதால், மருத்துவமனைக்கு இந்த விதி மற்ற கட்டடங்களைக் காட்டிலும் முக்கியமானது.

சாலை நெருக்கமாக இருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் பகுதியை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். நெடுஞ்சாலையோரம் படுக்கைப் பிரிவுகளை அமைத்துவிட்டு, பின்னர் ஒலியைக் கட்டுப்படுத்துவது கடினம். ஆகவே நெடுஞ்சாலையிலிருந்து தனி அணுகுசாலையில் உள்ளே சென்று வளாகத்தை அமைப்பதும், அவசர சிகிச்சைக்குத் தனி வாயிலும் புறநோயாளிகளுக்குத் தனி வாயிலும் விடுவதும் பொருத்தமான ஏற்பாடுகள்.

வெள்ளம் வரும் பகுதிகளில் மற்றொரு கேள்வியும் சேர்கிறது. வடக்கு பிகாரின் ஆறுகள் பருவமழைக் காலத்தில் கரைபுரள்வது வழக்கம். மருத்துவமனை வளாகத்தை மட்டும் மண் நிரப்பி உயர்த்திவிட்டு, அதற்கான சாலையைப் பழைய மட்டத்திலேயே விட்டால், வெள்ளக் காலத்தில் மருத்துவமனை தீவாகிவிடும். சாலையை உயர்த்திவிட்டு, போதிய சிறுபாலங்களை விடாவிட்டால், அந்தச் சாலையே அணையாக நின்று அண்டைக் கிராமங்களில் நீரைத் தேக்கும். நிலத்தின் மட்டம், சாலையின் மட்டம், வடிகால் ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் முடிவு செய்ய வேண்டும் என்பதே ஷோபன் விவாதம் உணர்த்தும் பாடம்.

30 மாதமும் 32 மாதமும்

2018 டிசம்பர் 17 அன்று மதுரை எய்ம்ஸுக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது அறிவிக்கப்பட்ட கால அட்டவணை 45 மாதங்கள். கட்டுமானத்துக்கு முந்தைய பணிகளுக்கு 10 மாதம், கட்டுமானத்துக்கு 32 மாதம், நிலைப்படுத்தி இயக்கத்துக்குக் கொண்டுவர 3 மாதம் என அது பிரிக்கப்பட்டிருந்தது.

இதனுடன் சாலைக்கு நிலம் எடுக்கும் காலத்தை ஒப்பிட வேண்டும். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நிலம் கையகப்படுத்துதல், மறுவாழ்வு மற்றும் மீள்குடியேற்றச் சட்டம், 2013-இன்படி, சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு 6 மாதம் வரை அவகாசம் உண்டு. முதல்நிலை அறிவிக்கைக்குப் பிறகு உறுதி அறிவிப்பு வெளியிட 12 மாதம் வரை, அதன் பின்னர் இழப்பீட்டுத் தீர்ப்பு வழங்க மேலும் 12 மாதம் வரை அனுமதிக்கப்படுகிறது. இந்த மூன்று உச்ச வரம்புகளை மட்டும் கூட்டினாலே 30 மாதம். இடைவெளிகளும் நீதிமன்ற வழக்குகளும் இதில் சேரவில்லை. சாலை போடும் காலமும் சேரவில்லை.

அதாவது, 32 மாதத்தில் கட்ட வேண்டிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்படும் அன்றுதான் அணுகுசாலைக்கு நிலம் எடுக்கத் தொடங்கினால், கட்டடம் முடியும் நேரத்தில் சாலைப் பணி தொடங்கும் நிலையில்தான் இருக்கக்கூடும். மருத்துவமனை என்பதற்காக அவசர விதியைப் பயன்படுத்தவும் பொதுவாக வழியில்லை. அச்சட்டத்தின் 40-ஆவது பிரிவு, அவசர அதிகாரத்தை நாட்டின் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர், நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்கும் பிற அவசர நிலை ஆகியவற்றுக்கு மட்டுமே வரையறுக்கிறது.

நிலம் தருவோரின் தரப்பிலும் நியாயம் உண்டு. ஊரகப் பகுதிகளில் சந்தை மதிப்பின் நான்கு மடங்கு வரையிலும், நகர்ப்புறங்களில் இரண்டு மடங்கும் இழப்பீடு வழங்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. ஆனால் மருத்துவமனை அறிவிப்பு வெளியானதும் அப்பகுதியில் நிலத்தின் விலை உயரத் தொடங்கும். சாலைக்கான நிலத்தை முன்கூட்டியே அறிவிக்காவிட்டால், அரசுக்குச் செலவு கூடும். எந்த நிலம் எடுக்கப்படும் எனத் தெரியாமல் விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் நேரும்.

நிலம் கிடைத்த பிறகும் அனுமதிகள் உள்ளன. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டடப் பரப்பு கொண்ட திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. பெரிய மருத்துவமனைகள் இந்த வரம்பைக் கடந்துவிடுகின்றன.

ஒப்பிடத்தக்க பிற திட்டங்கள்

ஹரியானாவின் ரேவாரி எய்ம்ஸ், தர்பங்காவைப் போன்றே இடப் பிரச்சினையால் தாமதமானது. மனேதி கிராமத்தில் அமைக்க 2019 பிப்ரவரி 28 அன்று அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆரவல்லிப் பகுதி வனநிலம் என்ற காரணத்தால் வன ஆலோசனைக் குழு அந்த இடத்தை ஏற்கவில்லை. திட்டம் அதே மாவட்டத்தின் மாஜ்ரா பகுதிக்கு மாற்றப்பட்டது. அடிக்கல் 2024 பிப்ரவரி 16 அன்றுதான் நாட்டப்பட்டது. ஒப்புதலுக்கும் அடிக்கல்லுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்.

ஜம்முவில் நிலை வேறு. ஜம்மு – பதான்கோட் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய விஜய்பூரில் 2019 பிப்ரவரி 3 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ், 2024 பிப்ரவரி 20 அன்று திறந்து வைக்கப்பட்டது. ரேவாரியில் அடிக்கல்லுக்கே செலவான அதே ஐந்து ஆண்டுகளில், ஜம்முவில் மருத்துவமனை கட்டி முடிக்கப்பட்டது.

எனினும் நல்ல சாலை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு மதுரையே சான்று. தோப்பூர், மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் நான்கு வழிச் சாலைக்கு அருகில் உள்ளது. 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவிக்கான ஒப்பந்தம் 2021-இல்தான் கையெழுத்தானது. திட்ட மதிப்பீடு 1,264 கோடி ரூபாயிலிருந்து 1,977.8 கோடி ரூபாயாகத் திருத்தப்பட்டது. முதல் தொகுதி மாணவர்கள் 2022-இல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்டனர். கட்டுமானப் பணி 2024-இல்தான் தொடங்கியது. இடம், சாலை, நிதி ஆகிய மூன்றில் எது பின்தங்குகிறதோ, அதுவே திறப்பு நாளை முடிவு செய்கிறது.

எந்தப் பிரிவு முதலில் திறக்கப்படுகிறது?

'திறப்பு நாள்' என்பது நடைமுறையில் ஒரே நாளாக இருப்பதில்லை. ஜார்க்கண்டின் தேவ்கர் எய்ம்ஸுக்கு 2018 மே 25 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கு 2021 ஆகஸ்ட் 24 அன்று புறநோயாளிகள் பிரிவு தொடங்கியது. உள்நோயாளிகள் பிரிவும் அறுவை சிகிச்சை சேவைகளும் 2022 ஜூலை 12 அன்று தொடங்கி வைக்கப்பட்டன. ஹிமாச்சல் பிரதேசத்தின் பிலாஸ்பூர் எய்ம்ஸிலும் 2021 டிசம்பரில் புறநோயாளிகள் பிரிவு தொடங்கி, 2022 அக்டோபர் 5 அன்று மருத்துவமனை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இந்தப் படிநிலை முறையில் பயன் உண்டு. கட்டடம் முழுமையாகும் வரை காத்திராமல் மக்கள் மருத்துவரைப் பார்க்க முடிகிறது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் வேறுபட்ட சாலைத் தேவை உண்டு. புறநோயாளிகள் பிரிவுக்குப் பேருந்து வசதியும் நிறுத்தமும் முதல் தேவை. வெளியூரிலிருந்து வருவோர் ஆட்டோவுக்குச் செலவிடும் தொகை, இலவச சிகிச்சையின் பயனைக் குறைத்துவிடக்கூடும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ இரவிலும் மழையிலும் தடையற்ற, விளக்குள்ள சாலை தேவை.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(12ஏ) பிரிவு, கடுங்காயம் ஏற்பட்ட பிறகான முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என வரையறுக்கிறது. உடனடி சிகிச்சையால் உயிரைக் காக்கும் வாய்ப்பு மிகுந்த நேரம் அது. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்கும், நோயாளியை ஏற்றுவதற்கும் ஆகும் நேரம் போக எஞ்சியதே சாலைக்கு உரியது. நெடுஞ்சாலைத் திருப்பத்தில் பத்து நிமிடமும், ரயில்வே கேட்டில் பத்து நிமிடமும் கழிந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

எனவே சாலை முழுமையாகாத நிலையில் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கலாம். விபத்து சிகிச்சைப் பிரிவைச் சாலை தயாராகும் நாளுடன் இணைத்து அறிவிப்பதே பொருத்தம். தயாராகாத சாலையில் விபத்து நோயாளிகளைப் புதிய மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டால், பழைய மருத்துவமனையை விடவும் அவர்கள் தாமதமாகச் சிகிச்சை பெற நேரிடும்.

முடிவுகளின் வரிசை

மேற்கண்ட திட்டங்களின் அனுபவத்தைத் தொகுத்தால், முடிவுகள் எந்த வரிசையில் அமைய வேண்டும் என்பது தெளிவாகிறது.

முதலாவது, பரிந்துரைக்கப்படும் ஒவ்வோர் இடத்துக்கும், சுற்றியுள்ள வட்டாரத் தலைமையிடங்களிலிருந்து ஆகும் பயண நேரத்தை மழைக்காலத்திலும் காலை நெரிசல் நேரத்திலும் அளவிட வேண்டும். கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது.

இரண்டாவது, நிலத்தின் தன்மையையும் சாலையையும் ஒரே குழு ஒரே நேரத்தில் ஆய்வு செய்ய வேண்டும். தர்பங்காவில் சாலைக்காக ஓர் இடமும் நிலத்துக்காக மற்றோர் இடமும் முன்வைக்கப்பட்டதால், ஒப்பீடு கடிதப் போக்குவரத்தாக நீண்டது. 2021 அக்டோபர் 13 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் கதிசக்தி தேசிய பெருந்திட்டம், சாலை, ரயில், நீர்நிலை, வனம் ஆகியவற்றை ஒரே மின்னணு வரைபடத்தில் காட்டுகிறது. வனநிலம், தாழ்நிலம் போன்ற தடைகளை ஒப்புதலுக்கு முன்பே கண்டறிய இதனைப் பயன்படுத்த முடியும்.

மூன்றாவது, அணுகுசாலைக்கான நில எடுப்பு, நெடுஞ்சாலை அனுமதி, ரயில்வே மேம்பாலம் ஆகியவற்றுக்கான கோரிக்கைகளைக் கட்டுமானத்துக்கு முந்தைய கட்டத்திலேயே அனுப்ப வேண்டும்.

நான்காவது, அறிவிக்கப்படும் திறப்பு நாள், கட்டட ஒப்பந்ததாரரின் நாளாக இருக்கக் கூடாது. கட்டடம், சாலை, நீர், மின்சாரம், பணியாளர் நியமனம் ஆகியவற்றில் கடைசியாக முடிவது எதுவோ, அதன் நாளே திறப்பு நாள்.

பொதுமக்கள் எங்கே, எதைக் கேட்கலாம்?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், கட்டடத் திட்டங்களுக்குப் பொதுக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. எனவே மருத்துவமனைக் கட்டடம் குறித்துப் பொதுமக்கள் நேரில் கருத்துக் கூறும் கட்டாய வாய்ப்பு அங்கே இல்லை. ஆனால் சாலைக்காகவோ வளாகத்துக்காகவோ தனியார் நிலம் எடுக்கப்பட்டு, சமூகத் தாக்க மதிப்பீடு நடைபெற்றால், 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி பாதிக்கப்படும் பகுதியில் பொது விசாரணை நடத்த வேண்டும். நிலம் தருவோர் மட்டுமல்லாது, அச்சாலையைப் பயன்படுத்தப்போகும் கிராமத்தினரும் வடிகால், சிறுபாலம், மாற்றுப்பாதை குறித்துத் தெரிவிக்க வேண்டியவற்றை உரிய நேரத்தில் தெரிவிக்கும் இடம் அது.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பங்களும் ஆவணங்களும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன. பிற விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கேட்டால் 30 நாள்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். சாலையும் மருத்துவமனையும் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவை என்பதால், எந்த விவரம் எந்தத் துறையிடம் உள்ளது என அறிந்து விண்ணப்பிப்பது பதிலை விரைவுபடுத்தும்.

கேட்க வேண்டிய கேள்விகள் சில:

அணுகுசாலையின் அகலம் எவ்வளவு? அதற்கான நிலம் முழுவதும் அரசிடம் வந்துவிட்டதா?

நெடுஞ்சாலையில் இருந்து வழி அமைக்க அனுமதி பெறப்பட்டதா? இரு திசைகளிலிருந்தும் வரும் வாகனங்கள் எங்கே திரும்பும்?

வழியில் ரயில்வே கேட் உள்ளதா? மேம்பாலத்துக்கு ஒப்புதல் கிடைத்துள்ளதா?

இதுவரை பதிவான மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு மேல் சாலை அமைகிறதா?

திறப்பு நாளன்று எந்தப் பிரிவுகள் இயங்கும்? அவசர சிகிச்சை எந்த நாளிலிருந்து 24 மணி நேரமும் கிடைக்கும்? அதுவரை நோயாளிகள் எந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

இவற்றுக்கு எழுத்துபூர்வமான பதில்களும் அவற்றுக்குரிய தேதிகளும் இருந்தால், அறிவிக்கப்பட்ட திறப்பு நாளை நம்பி ஒரு குடும்பம் தன் சிகிச்சையைத் திட்டமிடலாம். இல்லாவிட்டால், 750 படுக்கைகள் தயாரான பின்னரும் மதுபனியிலிருந்து புறப்படும் நோயாளி பாட்னாவுக்கான பாதையிலேயே செல்ல நேரிடும்.